ஒரு கேனில் எத்தனை பேர்

புதிதாக லேபில் சேர்ந்திருக்கும் நீங்கள் என் அனுபவம் எதையாவது எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டு வாரமாக நழுவிக்கொண்டே இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தால்கூட கிளாஸை ஜன்னலுக்கு நேரே தூக்கி நிறம் பார்க்கிறேன். என் மகள், "அதைக் குடிக்கப் போறியா, ரிப்போர்ட் எழுதப் போறியா?" என்று திட்டுகிறாள்.

இயந்திரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதப் போவது நான் செய்த ஒரு தவறு. அதனால் ஒரு தாய், கொடுக்கக் கூடாத சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு வந்து படுத்திருப்பாள். அதற்கான காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது. இன்றைக்கும் அந்த நாள் ஞாபகம் வந்தால் எழுந்து நாலு தரம் நடந்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடமாகப் படித்திருப்பீர்கள், ஆனாலும் கேளுங்கள். சதை வேலை செய்யும்போது கிரியாட்டினின் என்கிற கழிவு இரத்தத்தில் சேர்கிறது. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சோர்ந்துவிட்டது என்கிறோம். சரிதான். ஆனால் மெலிந்த உடம்பில் சதையே இல்லையென்றால் கழிவும் கொஞ்சம்தான் சேரும். இரண்டே பேர் இருக்கிற வீட்டு வாசல் சுத்தமாக இருப்பதால் அங்கே கூட்டுகிறவள் கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியுமா? நம் தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான். இரத்தத்தில் எண் நார்மலாக இருக்கும். உள்ளே சிறுநீரகம் பாதிதான் ஓடும்.

அதனால்தான் ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்து அளக்கிறோம். இரத்தத்தில் தங்கியது எவ்வளவு, கேனில் வெளியேறியது எவ்வளவு என்று இரண்டையும் வைத்து, நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் சுத்தமாகிறது என்று கணக்குப் போடுகிறோம். நல்ல முறைதான். ஆனால் அந்தக் கணக்கு கேனை முழுக்க நம்புகிறது. கேனில் இருப்பது யாருடையது என்று அதற்குத் தெரியாது.

சாந்தன்பாறைக்கு மேலே, நீங்கள் இப்போது இருக்கிற இதே தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி லேபில் நான் இருந்த காலம் அது. ரொம்ப வருஷம் ஆகவில்லை. பேச்சியம்மாள் கொழுந்து எடுப்பவள். நாற்பத்துநாலு வயது, ஒட்டிய கன்னம், குச்சி போன்ற கைகள். கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரே மகள் சுகன்யா, இருபத்தொன்று. மூணாறு போகிற வழியில் ஒரு ரிசார்ட்டில் முன்மேசையில் நின்று வருகிறவர்களை வரவேற்கிற வேலை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வேலையை விட்டுவிட்டு, வாரம் மூன்று நாள் மலை இறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் கொடுக்க முடியாது. அம்மாவின் இரத்தப் பிரிவு பொருந்தியது. கீழே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், "அம்மாவுக்கு முதல்கட்டப் பரிசோதனையெல்லாம் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். பேச்சி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

வந்த நேரம் சரியில்லை. காய்ச்சல் பருவம், வெளியே முப்பது பேர் வரிசை. நான் ஒரு கையால் ஒருத்திக்கு ஊசியைக் குத்திக்கொண்டே மறு கையால் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனைப் பேச்சியிடம் தள்ளினேன்.

"நாளைக் காலையில முதல்ல போறதக் கீழ விட்டுரு. அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் போறதெல்லாம் இதுல பிடி. ஒரு சொட்டு கொறையக் கூடாது. கொறஞ்சா ரிசல்ட் தப்பாயிரும்."

"எம்புட்டு வரணும்க்கா?"

"ஒண்ணரை, ரெண்டு லிட்டர் வரும். போ, போ, ஆளு நிக்குது."

அவ்வளவுதான். பத்து வினாடி இருக்கும். அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது என்பார்கள். எனக்கு வாய் மட்டும் நன்றாகப் போனது.

இரண்டாம் நாள் காலையில் கேனோடு வந்து நின்றாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற கறுப்புப் படுதாவில் கேனைச் சுற்றியிருந்தாள். கூடவே அவளுடைய நாத்தனார் செல்வி. பேச்சியின் கணவருக்குத் தங்கை, பக்கத்து வீடு, அவளும் கொழுந்து எடுப்பவள்தான். திடமான உடம்பு, உரத்த குரல், லயத்து வரிசை வீடுகளில் எங்கே சண்டை நடந்தாலும் முதல் ஆளாக நிற்பாள். அளந்து பார்த்தேன். இரண்டேகால் லிட்டருக்கு மேலே.

"பரவாயில்லையே பேச்சி, நெறையத்தான் இருக்கு" என்றேன்.

பேச்சி செல்வியைப் பார்த்தாள். செல்வி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தாள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மதியத்துக்குள் முடிவு வந்தது. நிமிடத்துக்குத் தொண்ணூற்றைந்து மில்லி. அந்த வயதுக்கு அருமையான எண். மலையாளி டாக்டர் வாங்கிப் பார்த்து, "கொள்ளாமல்லோ" என்று மெச்சித் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். பேச்சி என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன். மறுநாள் காலை ஜீப் பிடித்து மகளோடு போகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து அன்றைய முடிவுகளை ரெஜிஸ்டரில் ஏற்றினேன். பெயர், வயது, இரத்தம், சிறுநீர் எல்லாம் எழுதியாயிற்று. எடை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவளை நிறுத்துப் பார்க்கவே இல்லை. எரிச்சலோடு அவளுடைய பழைய ஓ.பி. சீட்டைத் தேடி எடுத்தேன். நாற்பத்திரண்டு கிலோ.

எழுதிவிட்டு மூடியிருக்கலாம். கை மூடவில்லை. ஒரு பெண்ணுடம்பு ஒரு நாளைக்கு வெளியே தள்ளுகிற கிரியாட்டினின் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம், மிஞ்சிப்போனால் இருபது. நாற்பத்திரண்டு கிலோ பேச்சிக்கு எண்ணூற்று நாற்பதைத் தாண்ட வழியில்லை. கேனில் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு. திரும்பவும் மாதிரியை இயந்திரத்தில் வைத்து ஓட்டினேன். அதே ஆயிரத்து ஐந்நூறு. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அந்தக் கேனில் பேச்சி மட்டும் இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னையே ஏமாற்றிவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். அடுத்து வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சமாதானம். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் திரும்ப எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், தப்பிருந்தால் அங்கே தெரிந்துவிடும், நாம் ஏன் கிளற வேண்டும்? லேபுக்கும் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கும் நடுவே இருக்கிற வராந்தாவில் நடந்தேன். போய் வந்து, போய் வந்து, ஃபார்மசிக்காரர், "என்னாச்சு சேச்சி, எலி ஏதும் கண்டோ?" என்று கேட்கிற அளவுக்கு நடந்தேன். நடக்க நடக்க இன்னொன்று உறைத்தது. நான் கீழே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். கீழே இருக்கிறவர் மேலேயிருந்து நல்ல ரிப்போர்ட் வந்திருக்கிறதே என்று நினைத்தால்? இப்படி ஆளுக்கு ஆள் நம்பிக்கொண்டே போனால் கடைசியில் கத்தி வைக்கிறவர்தான் முதலில் பார்ப்பார்.

பேச்சியைக் கேட்டால் மழுப்புவாள் என்று தெரியும். அதனால் செல்வியைப் பிடிக்க நேரே மலைக்கு ஏறினேன். சாயங்கால எடை போடுகிற நேரம். முன்பு போல விரலால் கிள்ளுகிற வேலை இல்லை இப்போது. கத்திரியால் வெட்டிச் சாக்கில் நிறைத்துத் தலையில் தூக்கி வருகிறார்கள். எடைச் சாவடியில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் கையில் சின்ன மெஷினோடு எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வரிசையில் ஒருத்தி மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். அவள் சாக்கு பாதிதான் நிறைந்திருந்தது. அவள் கொக்கிக்குப் போகும் முன்பே பின்னால் நின்ற பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி, ஒரு அணைப்பு என்று தங்கள் சாக்கிலிருந்து அள்ளி அவள் சாக்கில் திணித்தார்கள்.  சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்துத் தன் செருப்பைக் குனிந்து சரி செய்தார். அவள் சாக்கு தராசில் ஏறியபோது எண் குறையாமல் வந்தது.

எனக்குப் புதிதில்லை இது. நான் இதே மாதிரி லயத்தில் பிறந்தவள். என் அம்மா காய்ச்சலோடு போன நாட்களில் மற்றவர்கள் அவளுக்கு அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அம்மாவும் போட்டிருக்கிறாள். இதை இங்கே யாரும் ஏமாற்று என்று சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அப்படி வளர்ந்த நான், ஒருத்தி கையில் வெள்ளைக் கேனைக் கொடுத்து, இரண்டு லிட்டர் என்று அளவும் சொல்லி, குறையக் கூடாது என்றும் மிரட்டி அனுப்பியிருக்கிறேன். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

செல்வி சாக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா, காட்டுக்கே வந்துட்டீக?"

"கேன்ல யாரு யாரு ஊத்துனீங்க?"

பக்கத்தில் நின்றவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வி அவளை முறைத்தாள்.

"ரிசல்ட்டு நல்லாத்தானக்கா வந்துச்சு?"

"யாருன்னு கேட்டேன்."

"நாந்தேன்" என்றாள் செல்வி. "அப்புறம் இவ ஒரு தடவ. பாதிக்கு மேல என்னுது. அவ காலைல டீத்தண்ணி குடிச்சதோட சரி. இந்த மேட்டுல எங்கக்கா ஒதுங்குறது? அட்ட வேற மேல ஏறுது. தண்ணி குடிச்சாத்தான வம்புன்னு நாங்க யாருமே குடிக்கிறதில்ல. சாயங்காலம் கேனப் பாத்தா அடியில கொஞ்சூண்டு கெடக்கு. நீங்க ரெண்டு லிட்டருன்னீக. கொறஞ்சா தப்பாயிரும்னீக. அவ ஒக்காந்து அழுகுறா. கொழுந்து கொறஞ்சா போட மாட்டமா? அது மாதிரிதேன் போட்டோம்."

 நான் சாவடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அது கேன் நிறைவதற்காகக் கேட்டதில்லை, பேச்சியின் சிறுநீரகம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கத்தான் கேட்டது, இப்போது அந்தக் காகிதத்தில் இருப்பது பேச்சியின் எண் இல்லை. செல்வியின் முகம் மெதுவாக மாறியது.

"அப்ப அவளோடது நல்லாருக்கா, இல்லையா?"

"தெரியல."

"தெரியாமலே ஒண்ண எடுத்துருவாகளா?"

"எடுக்கலாம்."

சாக்கை அங்கேயே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "நடங்கக்கா" என்றாள்.

பேச்சி வீட்டில் பயணப் பை தயாராக இருந்தது. ஆதார், ரேஷன் கார்டு, மகளின் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் மேலே என் காகிதம், பிளாஸ்டிக் உறைக்குள். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"பேச்சி, அந்தப் பேப்பரத் திருப்பிக் குடு. அது தப்பு. என் தப்பு."

அவள் உறையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒப்புப் போட்டுக் குடுத்த பேப்பரு. சாரும் ஒப்புப் போட்டுருக்காரு. இப்ப வந்து தப்புன்னா?"

செல்வி நடந்ததைச் சொன்னாள். பேச்சி அவளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சரி, அவ ஊத்துனா. அதுக்காக எங்கிட்னி கெட்டதுன்னு ஆயிருமா?"

"கெட்டதுன்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன்."

"தெரியாட்டிப் போகுது. ஒண்ணு நல்லாருந்தாப் போதும், அத அவளுக்கு வச்சு விடட்டும்."

"மிச்சம் உள்ளது ஓடலன்னா?"

"ஓடாட்டிப் போகுது. நாப்பத்துநாலு வயசு வாழ்ந்துட்டேன்க்கா. அவளுக்கு இருபத்தொண்ணுதேன் ஆகுது."

எனக்கு முன்கோபம் உண்டு, உங்களுக்குத் தெரியும். "நல்லாருக்கு. அப்புறம் அவ உன்ன வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு இழுத்துட்டுப் போகட்டும்" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் தடுப்புத் திரைக்குப் பின்னால் சுகன்யா படுத்திருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது.

அவள் எழுந்து வந்தாள். அன்றைக்கு டயாலிசிஸ் முடித்து வந்த நாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். இடது கையில் ஊசி போடுகிற இடம் புடைத்திருந்தது. அம்மாவின் முன்னால் குனிந்து, மடியில் இருந்த உறையை எடுத்தாள். பேச்சி விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி இருந்தார்கள்.

"விடும்மா" என்றாள் சுகன்யா. "எனக்குப் பக்கத்து பெட்டுல நீ படுத்துக் கெடக்கிறத நான் பாக்கணுமா?"

"நீ சும்மா இருடி."

"நான் சும்மாத்தான் இருக்கேன் ரெண்டு வருசமா. அக்கா, திரும்பி எடுங்க. எடுக்காம நாளைக்கு நான் ஜீப்புல ஏற மாட்டேன்."

பேச்சி விட்டாள். நான் அந்தக் காகிதத்தை வாங்கி அவர்கள் முன்னாலேயே கிழித்தேன். அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டு, எடை பார்க்காமல் முடிவு கொடுத்துவிட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னேன்.  "ஞானும் எடை நோக்கியில்ல" என்றார் அவர், தானும் பார்க்கவில்லை என்று. அப்படிச் சொல்கிற டாக்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் கிடைக்காது, எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாவது முறை பேச்சியைக் காட்டுக்கு அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஒரு நாள் பெண்கள் வார்டில் வைத்துக்கொண்டோம். முதலில் எடை பார்த்தேன், நாற்பத்திரண்டேதான். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் மருந்து குடிப்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். பேச்சு வாக்கில் தோள்வலியைப் பற்றிச் சொன்னாள். கத்திரி வேலை வந்ததிலிருந்து தோள்வலி, அதற்குக் கடையில் ஒரு வலி மாத்திரை, வருஷக்கணக்காக, சில நாள் இரண்டு. "அதப் போட்டாத்தேன் கத்திரியத் தூக்க முடியும்." முதல் நாள் கேனைத் தள்ளிய பத்து வினாடியில் இதையும் நான் கேட்டிருக்கலாம்.

கேனில் ஒரு லிட்டரும் கொஞ்சமும் இருந்தது. கிரியாட்டினின் அறுநூற்று ஐம்பது. எடைக்குப் பொருந்தியது. முடிவு நாற்பத்தொன்று. முதல் காகிதத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை.

டாக்டர் அவளிடம் நிதானமாக எடுத்துச் சொன்னார். சிறுநீரகங்கள் ஏற்கனவே சோர்ந்திருக்கின்றன, ஒன்றைக் கொடுத்தால் மற்றது தாங்காது, மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்.

"அப்ப என்னால ஆகாது. அப்படித்தானக்கா?"

"ஆகாது பேச்சி."

"கொழுந்துல நான் ஒரு நாள்கூடக் கொறஞ்சதில்லக்கா" என்றாள்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். நான் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சரியான முடிவைக் கொடுத்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு வரவே இல்லை. ஒரு வீட்டில் இருந்த ஒரே வழியை நான்தான் அடைத்துவிட்டேன் என்ற எண்ணம்தான் வந்தது. அடுத்த ஒன்பது நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லயத்துப் பக்கம் போகவே கால் கூசியது. சரியாகச் செய்த வேலையும் சில சமயம் இப்படித்தான் இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

பத்தாம் நாள் காலையில், வழக்கம் போல வரிசை நீண்டிருந்தபோது, செல்வி உள்ளே வந்தாள். டோக்கன் எடுக்கவில்லை. கையில் அதே வெள்ளைக் கேன். கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்டு மேசையில் வைத்தாள்.

"இதுல என் பேர எழுதிக் குடுங்கக்கா. ரத்தம் ஓ குரூப்புதேன், பிள்ளைப்பேறு சமயத்துல எழுதி வச்சுருக்காக. எல்லாத்துக்கும் ஆகுமாமுல்ல?"

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ரெண்டு நாளாப் பேசல. சோறு மட்டும் கேட்டு வாங்கித் திங்கிறாரு. பேசுவாரு."

அத்தை முறை என்பது சட்டப்படி நெருங்கிய உறவில் வராது, கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும், நூறு கேள்வி கேட்பார்கள், எத்தனையோ பரிசோதனை இருக்கிறது, நடக்காமலும் போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பயமுறுத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு இன்னொரு முறை நம்பிக்கையைக் கொடுத்துப் பிடுங்கத் தெம்பில்லை.

"கேக்கட்டும். எங்கண்ணன் மக. நான் கேன்ல ஊத்துனதக் கூடச் சொல்லிருவேன்" என்றாள்.

அந்தக் காலையில் நான் கேனைக் கொடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வரிசையில் ஒருவர் சத்தம் போட்டார், போடட்டும் என்று விட்டேன். நாளைக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று சூப்பர்வைசருக்கு நானே போன் செய்தேன். முதல் சிறுநீரை ஏன் கீழே விட வேண்டும் என்று சொன்னேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். கடைசியாக, சொன்னதையெல்லாம் அவளையே திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒப்பித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"கொறஞ்சா?"

"கொறஞ்சா கொறஞ்சதுதான். அதத்தான் நான் பாக்கணும்."

கேன் வந்தது. எடை ஐம்பத்தெட்டு. கிரியாட்டினினைக் கிலோவுக்கு வகுத்துப் பார்த்தேன், பதினாறு சொச்சம். ஒரே ஆள். அதற்குப் பிறகுதான் நிமிடத்துக்கு எவ்வளவு என்கிற மற்ற எண்ணைப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது.

மிச்சமெல்லாம் பல மாதக் கதை. கமிட்டி, ஸ்கேன், செல்வியின் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்து, பிறகு சண்டை போட்டு, பிறகு அவரே ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது எல்லாம் உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். மாதத்துக்கு ஒருமுறை சுகன்யா என்று பெயர் ஒட்டிய இரத்தக் குழாய் ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறதே, ரிசார்ட் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகிறாளே, அவள்தான் இவள். அந்த இரத்தத்தை இப்போது சுத்தம் செய்வது அவளுடைய அத்தையின் சிறுநீரகம். அதில் கிரியாட்டினின் எண் ஒரு புள்ளி ஏறினாலும் சும்மா விடாதீர்கள்.

அவளோடு பேச்சியும் வருவாள். அவளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இப்போது தண்ணீர் பாட்டிலோடுதான் நடக்கிறாள். மாத்திரையை விட்டுவிட்டாள், தோள்வலியை விடவில்லை. ரெஜிஸ்டரில் அவளுடைய எடைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எடை மெஷினில் ஏறச் சொன்னால் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்போடு ஏறி நிற்பாள், குறைந்துவிடக் கூடாது என்று. பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.